கியர் ராடு ஆடினால் உடனே கியர்பாக்ஸை இறக்காதீர்கள்
பழைய கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் சார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருக்கிறேன். 1968ஆம் வருட டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்று வாங்கியிருக்கிறேன். கியர் விழுந்த பிறகும் கியர் ராடு இடதும் வலதுமாகத் தாராளமாக ஆடுகிறது. வேகம் எடுத்தால் கடகடவென்று ஒரு சத்தம், ராடைக் கையால் பிடித்தால் நின்றுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் ராடு ஒரு குதி குதிக்கிறது. இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன், கியர்பாக்ஸை இறக்கி முழுசாக ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா? ஓடும்போது ஃபர்ஸ்ட் கியர் போட்டால் கரகரவென்று வேறு கத்துகிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். மார்க் 3இல் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைச் சமன் செய்து சத்தமில்லாமல் சேர்க்கும் ஏற்பாடு) கிடையாது, மேல் மூன்று கியர்களுக்கு மட்டும்தான். வண்டி நின்ற பிறகு ஃபர்ஸ்ட் போடுங்கள், அவசரமாக இருந்தால் டபுள் கிளட்ச் (நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்து கியர் போடுவது) செய்யுங்கள். அது கோளாறே இல்லை.

மற்றபடி நீங்கள் எழுதிய மூன்றுமே கியர்பாக்ஸுக்கு வெளியே நடக்கிற சமாச்சாரம் மாதிரிதான் தெரிகிறது. இந்த வண்டியில் கியர்பாக்ஸ் இருப்பது டேஷ்போர்டுக்கு அடியில், உங்கள் கை இருப்பதோ அதற்கு நன்றாகப் பின்னால். இரண்டையும் சேர்க்க கியர்பாக்ஸ் மேல்மூடியிலிருந்து அலுமினியத்தில் ஒரு கை பின்னோக்கி நீண்டிருக்கும், ராடு அதன் நுனியில் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும், உள்ளே ஓடும் ஒரு ஷாஃப்ட்தான் நீங்கள் தள்ளுவதை, கியரை மாற்றும் செலக்டருக்குக் கொண்டுபோகும். இதில் தேய்கிற இடங்கள் மூன்று: ராடின் உருண்டையைப் பிடித்திருக்கும் நைலான் கிண்ணம், ராடின் அடிநுனி ஷாஃப்ட்டோடு சேருமிடத்தில் உள்ள புஷ் (உரசலைத் தாங்கும் சிறு குழல்), முன்பக்கம் ஷாஃப்ட் செலக்டரைப் பிடிக்கும் இணைப்பு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தால் போதும், ராடு நீளமானது என்பதால் கீழே அரை மில்லிமீட்டர் ஆட்டம் மேலே குமிழியில் பல மடங்காகத் தெரியும். தேய்ந்த இடத்தில் இரும்பும் இரும்பும் உரசுவதுதான் அந்தக் கடகட. கையால் பிடித்தால் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கியர்பாக்ஸுக்குள் பல்லோ பேரிங்கோ போயிருந்தால் ராடைப் பிடித்தால் எப்படி நிற்கும்?

ஆக்ஸிலேட்டரை விட்டால் குதிப்பது மட்டும் தனிக்கதை. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக சேசிஸில் ரப்பர் மேல் தொங்குகின்றன. கியர்பாக்ஸின் வால் பக்க ரப்பர் மவுண்ட் நைந்து போனால், இழுவை மாறும்போதெல்லாம் கட்டு முழுக்க அசையும், அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் ராடு சும்மா இருக்குமா? இதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய். கியர்பாக்ஸின் பின் சீல் கசிந்து ரப்பர் மேல் வருஷக்கணக்கில் சொட்டினால் அது உப்பிப் பிசுபிசுத்துவிடும். ஆகவே புது ரப்பர் போடுவதற்கு முன் கசிவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டிவரும்.

இனி வேலைக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றிவிட்டு சீட்டுகள், கார்ப்பெட், டேஷ்போர்டைத் தாங்கும் இரும்பு எல்லாவற்றையும் எடுத்தால் நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் டன்னல் மூடி வெளியே வரும். இந்த வண்டியின் கியர்பாக்ஸே கீழ்வழியாக அல்ல, காருக்குள்ளிருந்துதான் வெளியே வரும் என்பதால் இடம் தாராளம். மூடி ஒரிஜினலாக இருந்தால் அழுத்திய அட்டைதான், பதமாக எடுங்கள், ஸ்க்ரூ இருக்கும் விளிம்புகள் பிய்ந்து வரும். பிய்ந்துவிட்டால் ஃபைபர்கிளாஸ் மூடி கிடைக்கிறது, அதுவே மேல்.

மூடியை எடுத்ததும் எதையும் கழற்றாதீர்கள். கியரில் போட்டுவிட்டு, ஒருவரை ராடை ஆட்டச் சொல்லி நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்ட் அசையாமல் ராடு மட்டும் ஆடினால் பின்பக்கக் கிண்ணமும் புஷ்ஷும். ஷாஃப்ட் அசைந்தும் முன்னால் செலக்டர் அசையாவிட்டால் முன் இணைப்பு. அலுமினியக் கையே ஆடினால் அதைக் கட்டும் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அலுமினியத்தில் மரை போயிருக்கிறது. மரை போயிருந்தால் பெரிய போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள், ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாக ஓட்டைக்குள் போடும் கம்பிச்சுருள்) போட்டு அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அலுமினியக் கையில் விரிசல் இருந்தால் அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது இன்னொரு கியர்பாக்ஸிலிருந்து எடுத்த கையைத் தேடுங்கள். இந்த ஒரு சோதனை சில நிமிஷ வேலைதான், பட்டறை ஆள் இதைச் செய்து காட்டாமலே ஓவர்ஹால் பில் போட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புஷ், கிண்ணம், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த கிட் இங்கிலாந்தில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. பாலியூரித்தேன் புஷ் நல்லதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ரேஸுக்குப் போகிறவர்களுக்கு நல்லது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவருக்குக் கியர்பாக்ஸின் அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். என் வாக்கு பழைய மாதிரிப் புஷ்ஷுக்குத்தான். புஷ் வழியாகப் போகும் போல்ட்டையும் மாற்றுங்கள். பழைய போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், புஷ் உட்கார்ந்த இடத்தில் நகத்தால் தடவினாலே ஒரு பள்ளம் தட்டுப்படும், அதன் மேல் புது புஷ் போட்டு என்ன பயன்? கிரீஸ் தடவிப் பூட்டுங்கள், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தளராத நட்) புதிது, இறுக்கமோ ராடு விறைக்காத அளவுக்கு.

மவுண்ட்டுக்கு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு கியர்பாக்ஸ் அடியில் ஜாக்கி, நடுவில் ஒரு மரக்கட்டை. சும்மா பாரம் தாங்குமளவு மட்டும் தூக்குங்கள். பழைய ரப்பர் வந்ததும் சேசிஸ் பக்க ஓட்டைகளைப் பாருங்கள், வட்டமாக இல்லாமல் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால் கனமான வாஷரை மேலே வைத்து வெல்டு அடித்து சரியான அளவுக்குத் துளை போட வேண்டும். இது தெரியாமல் ரப்பர் மட்டும் மாற்றியவர்கள்தான் "மவுண்ட் மாற்றியும் சரியாகவில்லை" என்று எழுதுகிறார்கள். டன்னலை மூடும் முன் எல்லா கியரையும், ரிவர்ஸையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இவ்வளவும் செய்த பிறகு ஏதோ ஒரு கியர் மட்டும், உதாரணமாக தேர்டு, ஆக்ஸிலேட்டரை விட்டதும் நியூட்ரலுக்குத் தாவுகிறது என்றால் அப்போது கியர்பாக்ஸைச் சந்தேகப்படலாம். அது செலக்டர் ஸ்பிரிங்கோ உள்ளே கியர்களைப் பூட்டும், தேய்ந்துபோன ஹப்போ ஆக இருக்கும்.

கேள்வி: மதுரையில் எங்கள் மாமாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. அதற்கும் ராடு ஆட்டம்தான். ஸ்பிட்ஃபயர் கிட் இதற்குச் சேருமா? லேத்தில் புஷ் கடைந்துகொள்ளலாமா?

பதில்: இரண்டும் ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்தபோது ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் செய்தார்கள், இரண்டுக்கும் உடல் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிகெலோட்டி. உங்கள் மாமா வண்டி சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியில் பிறந்தது, வண்டலூர் பக்கம். ஆனால் மாடலுக்கு மாடல் சில்லறை மாற்றங்கள் உண்டு, அதனால் பழைய புஷ்ஷையும் போல்ட்டையும் காலிப்பரில் அளந்துகொண்டு, விற்பவரிடம் அளவைக் கேட்டுவிட்டு ஆர்டர் பண்ணுங்கள். லேத்தில் நைலான் கம்பியிலோ டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கிலோ தாராளமாகக் கடையலாம். அளவைத் தேய்ந்த புஷ்ஷிலிருந்து எடுக்காமல், அது உட்காரும் ஓட்டையிலிருந்தும் புது போல்ட்டிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். பித்தளையில் கடையச் சொல்லிவிடாதீர்கள், ஆட்டம் போகும், சத்தம் போகாது. ஹெரால்டு ஓட்டிய பழைய மெக்கானிக் யாராவது ஊரில் இருந்தால் அவரையே கூப்பிடுங்கள், ராடைத் தொட்டுப் பார்த்தே எந்தப் புஷ் என்று சொல்லிவிடுவார்.

கேள்வி: லண்டனில் ஸ்பிட்ஃபயர் 1500 வைத்திருக்கிறேன். ராடு புஷ் மாற்றிய பிறகு ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. மேலே சொன்ன கிட்தானா எனக்கும்?

பதில்: இல்லை. 1500இல் கியர்பாக்ஸே வேறு, மோரிஸ் மரீனா காரில் வந்த ஒற்றை ரெயில் (செலக்டர்களை ஒரே கம்பி நகர்த்தும்) பெட்டி, அதற்குத் தனிக் கிட். உங்கள் ஓவர்டிரைவ் சுவிட்ச் கியர் குமிழியில் இருந்தால் அதன் ஒயர் ராடு வழியாகத்தான் கீழே போகிறது. புஷ் மாற்றியபோது அது முறுக்கியிருக்கும் அல்லது அடியில் உராய்ந்து தோல் போயிருக்கும். சாவியை ஆன் செய்து, எஞ்சின் ஓடாமல், தேர்டு அல்லது ஃபோர்த்தில் போட்டு சுவிட்சைத் தட்டுங்கள், ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சோலினாய்டு டக்கென்று கேட்க வேண்டும். ராடை அசைக்கும்போது அந்தச் சத்தம் வந்து வந்து போனால் ஒயர்தான், புது ஒயர் இழுக்கும்போது அடியில் கொஞ்சம் தளர்வாக விட்டு ஒரு ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.