குமரி மாவட்டத்துப் பழைய ஊர்ப் பதிவுகளை எங்கே தேடுவது?

வடக்கே, திருவனந்தபுரத்தில்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதற்கு முந்தைய திருவிதாங்கூர் ஓலைகளில் பெரும்பகுதி அங்குள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் சுருணைகளாக, அதாவது கட்டிய ஓலைச்சுருள்களாக, இருக்கிறது. அரச ஆணை வேண்டுமென்றால் 'நீட்டு' என்றும், நில விவரம் வேண்டுமென்றால் 'ஒழுகு' என்றும் கேளுங்கள். இன்றைய சர்வே எண் அங்கே உதவாது. ஊர்ப்பெயர், பழைய பகுதிப்பெயர், கோயில் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பலர் சறுக்குவது ஆண்டுக்கணக்கில். ஓலைகளில் இருக்கும் கொல்லம் ஆண்டை (திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக்கணக்கு) ஆங்கில ஆண்டாக மாற்ற, எல்லாவற்றோடும் 825 கூட்டிவிடுகிறார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் (சிங்ஙம்) பிறக்கிறது. எனவே ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். மார்கழித் தேதி என்றால் இரண்டு முறை பாருங்கள், அந்த மாதம் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் விழும்.

எழுத்து வட்டெழுத்தாகவோ, அதிலிருந்து வந்த மலையாண்மை எழுத்தாகவோ இருக்கலாம். தமிழ் ஓலையிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது; குத்தினால் ஓலை கிழியும். 'ர'வும் கால் எழுத்தும் ('ா') ஒன்றுபோலவே தெரியும், அதனால் ஆள்பெயரை ஒரே ஓலையை நம்பி முடிவு செய்யாதீர்கள். அதே பெயர் வரும் இன்னோர் இடத்தைக் கண்டுபிடித்து ஒப்பிடுங்கள்.