12 வோல்ட் ரிலே 45 வோல்ட் டிரான்சிஸ்டரை எப்படிக் கொல்கிறது?

கேள்வி: மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு சின்ன சர்க்யூட் செய்தேன். 12 வோல்ட் ரிலே (உள்ளே இருக்கும் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்சாரம் ஓடினால் காந்தமாகி ஆன் ஆகும் சுவிட்ச்), அதை இயக்க பிசி 547 டிரான்சிஸ்டர். பத்துப் பதினைந்து நாள் நன்றாக ஓடுகிறது. பிறகு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, ரிலே விடாமல் பிடித்துக்கொள்கிறது; தொட்டி வழிகிறது. இரண்டு முறை மாற்றியாயிற்று. ரிலே எடுப்பது 30 மில்லிஆம்பியர்தான். டிரான்சிஸ்டர் 100 மில்லிஆம்பியரும் 45 வோல்ட்டும் தாங்கும். எங்கே தவறு?

பதில்: ரிலே ஓடிக்கொண்டிருக்கும் வரை உங்கள் கணக்கு சரி. அதை நிறுத்தும் கணத்தைத்தான் விட்டுவிட்டீர்கள். காயிலின் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டதாக நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றே நினைக்கிறேன்.

சுருளில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். மின்னோட்டம் மாறும்போது அந்தப் புலமும் மாறி, அதே சுருளில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, மாற்றத்தை எதிர்க்கும். பள்ளியில் தன் மின்தூண்டல் என்று படித்தது இதுதான். எவ்வளவு மின்னழுத்தம்? தன் மின்தூண்டல் எண்ணை, மின்னோட்டம் மாறும் வேகத்தால் பெருக்க வேண்டும். சப்ளை எத்தனை வோல்ட் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை, பாருங்கள்.

காயிலில் சுற்றுகள் இரட்டித்தால் அந்த எண் நான்கு மடங்காகும். ரிலேயில் ஆயிரக்கணக்கான சுற்றுகள், போதாததற்கு நடுவில் இரும்பு வேறு. உங்கள் ரிலேக்கு அந்த எண் 0.3 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லிஆம்பியர் 10 மைக்ரோவினாடியில் பூஜ்யமானால் 900 வோல்ட்! நடைமுறையில் அவ்வளவு ஏறாது. அதற்கு முன்பே டிரான்சிஸ்டர் தோற்று வழிவிட்டுவிடும். சுருளில் இருந்த ஆற்றல் 135 மைக்ரோஜூல்தான், சொற்பம். ஆனால் அது இறங்குவது கடுகைவிடச் சிறிய சிலிக்கான் துண்டின் மேல், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும். அதனால்தான் முதல் நாளே சாகாமல் பதினைந்து நாள் தாங்குகிறது. மல்டிமீட்டரில் இதைப் பிடிக்க முடியாது, அவ்வளவு குறுகிய துடிப்பு.

நீளமான கம்பிச் சுருளை பேட்டரியிலிருந்து பிரிக்கும்போது பலமான பொறி பறப்பதை அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி 1832-லேயே எழுதிவிட்டார். ஹென்றி என்ற அலகும் அவர் பெயர்தான். பழைய டியூப்லைட்டில் ஸ்டார்ட்டர் விடுபடும்போது சோக் கொடுக்கும் உதையும் இதே சங்கதி. அங்கே அது விளக்கேற்றுகிறது, உங்களிடம் டிரான்சிஸ்டரைக் கொல்கிறது.

சரி, வைத்தியம். ஒரு 1என் 4007 டயோடு போதும், ஒன்றிரண்டு ரூபாய். வெள்ளிப் பட்டை உள்ள முனை 12 வோல்ட் பக்கம், மறுமுனை டிரான்சிஸ்டரின் கலெக்டர் (காயிலோடு சேரும் கால்) பக்கம். ரிலே ஓடும்போது டயோடு சும்மா இருக்கும். நிறுத்தியதும் மின்னோட்டம் அதன் வழியே சுற்றிவந்து சில மில்லிவினாடியில் அடங்கும். கலெக்டரில் 13 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. திருப்பிப் போட்டுவிடாதீர்கள், டிரான்சிஸ்டர் ஆன் ஆனதுமே ஷார்ட். ரிலேயின் கால்களுக்குப் பக்கத்திலேயே பற்ற வையுங்கள்.

டயோடு இருந்தால் ரிலே கொஞ்சம் தாமதமாக விடும். தொட்டிக்கு அது ஒன்றுமில்லை. வேகமாக விட வேண்டிய இடத்தில் டயோடுடன் 24 வோல்ட் ஜீனர் (அந்த வோல்ட்டை எட்டினால் எதிர்த்திசையிலும் வழிவிடும் டயோடு) ஒன்றைத் தொடரில், எதிர்த்திசையில் சேர்ப்பார்கள். அப்போதும் கலெக்டர் 37 வோல்ட்டைத் தாண்டாது. டிரான்சிஸ்டருக்குப் பதில் ரிலேக்களை இயக்கும் யுஎல்என் 2003 ஐசி-க்கு மாறினால் டயோடு உள்ளேயே இருக்கிறது. ஆனால் 9-ஆம் காலை 12 வோல்ட்டில் இணைத்தால்தான் அது வேலை செய்யும். நிறையப் பேர் அந்தக் காலை அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் குட்டி ரிலேயில் நேரடியாகவா மோட்டாரை மாட்டியிருக்கிறீர்கள்? மேலே 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. மோட்டாரும் ஒரு சுருள்தான். கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், நிறுத்தும்போது ரிலேயின் காண்டாக்ட்டில் (சுவிட்சாகத் தொட்டு விலகும் முனைகளில்) பொறி விடும். ரிலேயால் ஒரு காண்டாக்டரை (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான ரிலேயை) இயக்கி, அதன் மூலம் மோட்டாரை ஓட்டுங்கள். காண்டாக்டர் காயில் 230 வோல்ட் ஏசி என்பதால் அங்கே டயோடு கூடவே கூடாது. அதற்குப் பதில் 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (ஏசி மெயின்ஸின் குறுக்கே போடத் தகுந்த வகை) கப்பாசிட்டரும் தொடராக, அந்தக் காயிலின் குறுக்கே. இவற்றை ரிலே காண்டாக்ட்டின் குறுக்கே வைத்தால், அணைத்த பிறகும் ஏழு மில்லிஆம்பியர் வரை கசிந்துகொண்டிருக்கும்.