நீர் மாத்திரை: கேள்வியும் பதிலும்

கேள்வி (காரைக்குடி): அப்பத்தாவுக்கு 78 வயது. இதயம் பலவீனம் என்று ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குவது) 40 மில்லிகிராம் காலையும் இரவும் தருகிறோம். ராத்திரி நாலு தடவை எழுந்து பின்கட்டுக்குப் போகிறார்கள். தலை கிறுகிறுக்கிறது என்கிறார்கள்.

பதில்: முதலில் சீட்டைப் பாருங்கள். 1-1-0 (காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு இல்லை) என்று எழுதியதை வீட்டில் காலை, இரவு என்று மாற்றிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் நீரை இறக்கும். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் விடியற்காலை வரை தூக்கம் போச்சு. சீட்டிலேயே 1-0-1 என்றுதான் இருந்தால், இரண்டாம் வேளையை மதியம் 2 மணிக்கு, மிஞ்சினால் 4 மணிக்குள் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நம் பழைய வீடுகளில் முற்றம் தாண்டி, உயர்ந்த நிலைப்படிகளில் ஏறி இறங்கித்தான் பின்கட்டுக்குப் போக வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டால் வழுக்கும். தயவுசெய்து படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி போடுங்கள். கூச்சப்பட்டாலும் பேசிச் சம்மதிக்க வையுங்கள். எழும்போது காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்கட்டும். படுத்திருக்கையில் ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பி.பி. பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): ஐயாவுக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது. பொட்டாசியம் குறைந்திருக்கும் என்று தினம் இரண்டு இளநீர் கொடுக்கிறோம். போடுகிற நீர் மாத்திரை டைட்டார் பிளஸ். சர்க்கரையும் உண்டு, பி.பி.க்கு டெல்மிசார்ட்டனும் உண்டு.

பதில்: இளநீரை இன்றே நிறுத்திவிட்டு, ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றும் பாருங்கள். டைட்டார் பிளஸில் டார்செமைடோடு ஸ்பைரனோலாக்டோனும் இருக்கிறது. முன்னது பொட்டாசியத்தை வெளியேற்றும், பின்னது பிடித்து வைக்கும். டெல்மிசார்ட்டனும் பிடித்து வைக்கிற ரகம். சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் தங்கும். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால், வெளியே ஒன்றும் தெரியாமலே இதயத் துடிப்பு தடுமாறலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, இதில் ஊகம் கூடாது. கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், அதுவும் இவருக்கு வேண்டாம்.

கால் இழுப்பதற்குச் சோடியம் குறைவு, மெக்னீசியம் குறைவு, நீர் வேகமாக இறங்கியது என்று வேறு காரணங்களும் உண்டு. பொட்டாசியம் உண்மையிலேயே குறைவு என்று தெரிந்தால் டாக்டர் சிரப் எழுதுவார். அதைத் தண்ணீரில் கலந்து, சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எரியும்.

கேள்வி (பள்ளத்தூர்): மாத்திரை போட்டும் ஆத்தாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். மூன்று விஷயம் பாருங்கள். பி.பி.க்கு அம்லோடிபின் போடுகிறார்களா? அந்த மாத்திரையே கணுக்கால் வீக்கம் தரும், நீர் மாத்திரைக்கு அது சரியாக மசியாது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போடுகிறார்களா? அவை உப்பையும் நீரையும் தங்க வைத்து, சிறுநீரகத்தையும் படுத்தும். மூன்றாவது உப்பு. டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம்தான் மொத்தக் கணக்கு. குழம்பில் குறைத்துவிட்டு மோர்மிளகாய், வத்தல், மாவடு, கருவாடு என்று தொட்டுக்கொண்டால் கணக்கு உதைக்கும்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், காப்பிக்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே எடை எந்திரத்தில் எடை. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எடை தொடர்ந்து இறங்கி, நாக்கு வறண்டு, கிறுகிறுப்பும் வந்தால் நீர் அதிகமாகப் போகிறது, அப்போதும் போன்தான்.

கேள்வி (கானாடுகாத்தான்): வயிற்றுப்போக்கு நாளிலும் கொடுக்கலாமா?

பதில்: அடுத்த வேளைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வாந்தி, பேதி நிற்கும்வரை நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். எப்போது திரும்பத் தொடங்குவது என்றும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; மறந்து விட்டுப்போனால் மறுபடி நெஞ்சில் நீர் கோக்கும்.

கேள்வி (கொத்தமங்கலம்): அப்பச்சிக்கு மார்பு வீங்கி வலிக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறார்.

பதில்: அவர் போடும் நீர் மாத்திரையில் ஸ்பைரனோலாக்டோன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அது ஆண்களுக்குச் செய்வதுதான் இது. எப்லெரினோன் என்ற மாற்று இருக்கிறது, அதில் இந்தத் தொல்லை குறைவு. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.