அடுக்களைக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய், "போன வாரம் எவ்வளவு பருப்பு வாங்கினீங்க?" என்று கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். தேசிய மாதிரி ஆய்வுக்காகக் கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் நான் ஏறாத திண்ணை குறைவு. இப்போது கேள்வி கேட்பது உங்கள் முறை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். அடுத்தடுத்து மூன்று மாதம், மூன்று தடவை. எத்தனை முட்டை, எத்தனை சோப்பு, வெளியில் எத்தனை டீ என்று ஒரே விசாரணை. ரேஷன் கார்டில் கை வைக்கத்தான் வந்தார் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இது எதற்கு?
*ஒரு வாசகி, சங்கரன்கோவில்*

ரேஷன் கார்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. வந்தது குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு. 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை ஒரு சுற்று, அது முடிந்த கையோடு 2024 ஜூலை வரை இன்னொரு சுற்று. முதல் சுற்றில் மட்டும் நாடு முழுக்க 2,61,746 வீடுகள். உணவுக்கு ஒரு தடவை, சோப்பு, வாடகை, பஸ், போன் மாதிரிச் செலவுகளுக்கு ஒரு தடவை, துணிமணி, பாத்திரம், பிரிட்ஜ் வகைக்கு ஒரு தடவை என்று மூன்று முறை வருவது அந்தச் சுற்றில் வந்த புது ஏற்பாடு. என் காலத்தில் எல்லாம் ஒரே உட்காரல். இரண்டு மணி நேரத்தில், பாவம், அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்துவிடும்.

விலைவாசிக் குறியீட்டில் அரிசிக்கு எவ்வளவு பங்கு, பெட்ரோலுக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு செய்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஏழ்மை குறைந்ததா கூடியதா என்று டெல்லியில் மல்லுக்கட்டுபவர்களும் கடைசியில் வந்து நிற்பது உங்கள் அடுக்களை வாசலில்தான். 2011-12க்குப் பிறகு 2022-23 சுற்றுதான் வெளியானது. நடுவில் 2017-18இல் எடுத்தது வெளிவரவே இல்லை. பதினோரு வருஷம் நாடு பழைய முட்டைக் கணக்கிலேயே ஓடியது.

அதில் என்ன தெரிந்தது என்றால், கிராமத்து வீட்டில் செலவாகும் நூறு ரூபாயில் சாப்பாட்டுக்குப் போவது 2011-12இல் 53 ரூபாய், 2022-23இல் 46. அரிசி, கோதுமை வகைக்கு இப்போது 5 ரூபாய்கூட முழுசாகப் போவதில்லை. அந்த இடத்தைப் பிடித்தது எது தெரியுமா? டீக்கடையும் பாக்கெட் தின்பண்டமும் ஹோட்டல் பார்சலும். நூற்றுக்கு 9 ரூபாய் 60 காசு, சாப்பாட்டுச் செலவிலேயே அதுதான் பெரிய பங்கு. "வெளியில எத்தனை டீ" என்று அந்தப் பெண் நோண்டி நோண்டிக் கேட்டது சும்மா இல்லை.

இலவசத்தை எப்படிக் கணக்கில் எழுதுவது என்பது தனிக் கூத்து. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் ஆனது 2011 ஜூன் 1. அடுத்த மாதமே எங்கள் சுற்று ஆரம்பம். நாங்குநேரிப் பக்கம் ஒரு பாட்டியிடம் கேட்கிறேன்: "அரிசி எவ்வளவு பாட்டி?" "இருபது கிலோ." "எவ்வளவு ரூபா?" பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்கு விசயமே தெரியாதா? சும்மா குடுக்காவ." கிலோவுக்கான கட்டத்தில் 20. ரூபாய்க்கான கட்டத்தில் என்ன போடுவது என்று அன்று சாயங்காலம் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சைபர் போட்டால் பாட்டி முன்பைவிட ஏழையாகத் தெரிவாள். சாப்பிடுவதோ அதே சோறு.

2022-23இல் இரண்டு விதமாகவும் வெளியிட்டார்கள். இலவசத்தைச் சேர்க்காமல் பார்த்தால் கிராமத்தில் தலைக்கு மாதம் 3,773 ரூபாய், விலை போட்டுச் சேர்த்தால் 3,860. அகில இந்திய சராசரி இது. வித்தியாசம் 87 ரூபாய். இதைக் காட்டி "இலவசமெல்லாம் இவ்வளவுதானா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் படிப்பும் ஆஸ்பத்திரி வைத்தியமும் அந்த 87க்குள் இல்லை. அதோடு, சராசரி என்பது ரேஷன் கடைப் பக்கமே போகாதவரையும் சேர்த்துப் பங்கு போட்டது. அந்தப் பாட்டி வீட்டில் 20 கிலோ 87 ரூபாயா?

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயைக் குடும்பத் தலைவன் கணக்கில் போட்டால் என்ன குறைந்துவிடும்? யார் கையில் வந்தாலும் ஒரே குடும்பம், ஒரே உலைதானே?
*ஒரு வாசகர், கரூர்*

உலை ஒன்றுதான் ஐயா. பை ஒன்றில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, படிவம் எழுதித் தெரிந்துகொண்டேன். எங்கள் படிவத்தில் வெற்றிலை, பீடி, சாராயம் இவற்றுக்குத் தனிப் பகுதி உண்டு. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பகுதியை ஆரம்பித்தால் பதில் வராது. "அதெல்லாம் கிடையாது மேடம்" என்பார் அவர். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்ப்பார். நான் ஒரு வழி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் வந்ததும், "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" அம்மா உள்ளே போய் வரும் நேரத்துக்குள் கணவர் தாழ்ந்த குரலில் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். பாதியாவது உண்மையாக இருக்கும். அதற்கே இந்த லட்சணம். 2023-24இல் டாஸ்மாக்கால் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். பச்சைக் குழந்தை உட்பட எல்லாத் தலைக்கும் பிரித்தால் மாதம் 500 ரூபாய்க்குப் பக்கம். என் படிவங்களைக் கூட்டிப் பார்த்தால் தமிழ்நாட்டில் குடிப்பவர்களே அபூர்வம்.

பொருளாதார ஆராய்ச்சியில் இதற்குப் பழைய உதாரணம் பிரிட்டன். பிள்ளைகளுக்கான வரிச் சலுகை அங்கே அப்பாவின் சம்பளத்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. 1970களின் கடைசியில் அதை எடுத்துவிட்டு, அம்மா கையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் என்ற மூவர் 1997இல் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் துணியோடு ஒப்பிட்டால் பெண்கள், பிள்ளைகள் துணிக்கான செலவு கூடியிருந்தது. பணம் நுழைந்த வாசல்தான் மாறியது.

தென்னாப்பிரிக்காவில் எஸ்தர் டுஃப்லோ பார்த்தது இன்னும் கூர்மை. முதியோர் பென்ஷன் பாட்டிக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடை தேறியது. தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. 2003இல் வந்த கட்டுரை. பின்னால் 2019இல் நோபல் வாங்கிய மூவரில் அவர் ஒருவர். தாத்தாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் சொல்லவில்லை, தராசு சொல்கிறது.

நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு, கணக்கைக் கையாளவும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள், நூறு நாள் வேலைக்கு மட்டுமில்லாமல் வெளி வேலைக்கும். கணக்கு மட்டும் ஆரம்பித்துக் கொடுத்தால் போதவில்லை. கூலி நேராக அதில் வந்து விழ வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் ஒரே பை என்றால், யார் கணக்கில் வந்தால் என்ன ஐயா? உங்களுக்கு நஷ்டமே இல்லையே.

பெண்களுக்கு இலவச பஸ்ஸால் மாதம் 888 ரூபாய் மிச்சம் என்கிறார்கள். என்னிடம் எட்டு ரூபாய்கூட மிஞ்சவில்லை. யார் வீட்டுக் கணக்கு இது?
*ஒரு வாசகி, திருச்செங்கோடு*

மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் பயணம் செய்யும் பெண்களிடம் கேட்டு எடுத்த சராசரி அது. தினம் டவுன் பஸ்ஸில் போகிறவருக்குப் பொருந்தும். உங்கள் ஊருக்கு வருவது தனியார் பஸ்ஸோ வெளியூர் பஸ்ஸோ என்றால் உங்கள் மிச்சம் சைபர். குறை உங்களிடம் இல்லை.

மிஞ்சிய பணம் உண்டியலில் கிடக்காது என்பது இன்னொன்று. எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மா ஒருவர். முன்னால் வியாபாரி வாசலில் கொண்டுவந்து போடும் பிச்சிப்பூவை அவர் சொன்ன விலைக்கு வாங்குவார். பஸ்ஸுக்குக் காசில்லை என்றானதும் விடியற்காலையில் தோவாளைச் சந்தைக்குத் தானே போக ஆரம்பித்தார். நாலு கடை பார்த்து, வாடலைத் தள்ளிவிட்டு வாங்குகிறார். "பஸ்ஸால எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டால் டிக்கெட் காசைத்தான் சொல்வார். பேரம் பேசக் கிடைத்த சந்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? என் பழைய படிவத்தில் அதற்கு இடமில்லை.

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். ஒரு திட்டம் வந்த பிறகு மக்கள் நிலைமை தேறினால், திட்டத்தால்தான் தேறியது என்று எப்படிச் சொல்ல முடியும்? மழை நன்றாகப் பெய்திருக்கலாமே?
*ஒரு மாணவி, பாளையங்கோட்டை*

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், நாற்பது வயதுவரை சோறு போடும்.

ஒரு வழி, திருவுளச்சீட்டு. பழைய ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக் கூலிக்கும் பென்ஷனுக்கும் கைரேகை வைக்கும் ஸ்மார்ட் கார்டு கொண்டுவந்தபோது, எந்த மண்டலத்துக்கு (மாவட்டத்துக்குள் வரும் சிறு நிர்வாகப் பிரிவு) முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். 157 மண்டலங்கள், ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல் ஜனம். மழை பெய்தால் இரண்டு பக்கமும்தான் பெய்யும். பொருளாதார ஆராய்ச்சியாளர் கார்த்திக் முரளிதரனும் கூட்டாளிகளும் ஒப்பிட்டதில், கார்டு வந்த மண்டலங்களில் இடையில் கழன்றுபோகும் காசு குறைந்தது. ஆச்சரியம் அடுத்ததில். ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி திட்டக் கூலியால் வந்ததே இல்லை, வெளி வேலையால் வந்தது. அரசாங்க வேலைக்கு ஒழுங்காகக் கூலி வருகிறது என்றால் பக்கத்து வயல்காரரும் கூலியைக் கூட்டத்தானே வேண்டும்?

குலுக்க முடியாத இடத்தில் காலத்தைத்தான் நம்ப வேண்டும். சத்துணவு அந்த ரகம். காமராஜர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2001இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் சமைத்த சோறு போடச் சொன்னது என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு காலத்தில் வந்தது. அந்த முன்பின்னை வைத்து 2021இல் ஒரு ஆய்வு வந்தது. பள்ளியில் சாப்பிட்ட சிறுமிகள் வளர்ந்து தாயானபோது, அவர்கள் பெற்ற பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் முன்னால் நின்றார்கள். 2006க்கும் 2016க்கும் இடையில் இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இதற்குச் சேரலாம் என்கிறது கணக்கு. இடைவெளி அகலமாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரே எண்ணாகச் சொல்பவரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

மாநிலக் கடன் ஒன்பது லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. எல்லாம் இந்த இலவசங்களால்தானே?
*ஒரு வாசகர், மன்னார்குடி*

2025-26 பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி, பஸ்ஸுக்கு 3,600 கோடி, காலை உணவுக்கு 600 கோடி. வட்டிக்கு மட்டும் 70,000 கோடிக்கு மேல். சம்பளமும் ஓய்வூதியமும் அதைவிடப் பெரிது. "எல்லாம்" என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பேசலாம். 13,807 கோடி சின்னத் தொகையா என்றால், இல்லை. ஒவ்வொரு வருஷமும் வரும், நிறுத்தவும் முடியாது. என்ன பலன் என்று யாராவது நிதானமாக அளந்து, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. நானும் பென்ஷன் வாங்குகிறவள், அடுத்தவர் காசைப் பற்றிக் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டும்.

ஊரார் வீட்டுக் கணக்கையெல்லாம் கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது வந்ததுண்டா?
*ஒரு வாசகி, குலசேகரம்*

வந்தார்கள். 2023இல், கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி. என் வேலையை நான் சொல்லவில்லை. தேங்காய் எத்தனை என்றார். தெரியவில்லை. முப்பது வருஷமாக அடுத்தவரிடம் கேட்டவளுக்குத் தன் வீட்டுத் தேங்காய்க் கணக்கு தெரியவில்லை! எண்ணெய்க்கும் தடுமாறினேன், என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து ஒரு அளவு சொன்னார், அதில் அரை மாதம்கூட ஓட்ட முடியாது. அந்தத் தம்பி பொறுமையாகத் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்று தலையைத் தூக்கினார்.

"மேடம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

எழுந்து உள்ளே போனேன். பானையிலிருந்து மொண்டு, செம்பைத் துடைத்து, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.