கீமோ தொடங்கியதிலிருந்து ஓயாமல் கண்ணீர்: காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு வாரம் ஒருமுறை டோசிடாக்செல் ஏற்றுகிறார்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து இரண்டு கண்ணிலும் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. பார்க்க வருபவர்கள் அழுகிறார் என்று நினைத்துத் தேற்றுகிறார்கள். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து கேட்கவில்லை. கீமோ முடிந்ததும் தானாகச் சரியாகிவிடுமா?

பதில்: அதுவரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

அம்மாவின் கீழ் இமையை, மூக்கை ஒட்டிய ஓரத்தில் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணில் ஊறும் நீர் இந்தத் துளைகள் வழியே மெல்லிய குழாய்களில் இறங்கி மூக்குக்குப் போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். டோசிடாக்செல் கண்ணீரிலும் கலந்து வருவதால், அந்தக் குழாய்களின் உட்சுவர் புண்பட்டுத் தழும்பேறிச் சுருங்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுபவர்களைவிட வாராவாரம் ஏற்றுபவர்களுக்கு இது அதிகம்.

மருத்துவர் அந்தத் துளை வழியே உப்புநீர் செலுத்திப் பார்ப்பார். தொண்டையில் உப்புக் கரித்தால் பாதை திறந்திருக்கிறது. சுருங்கத் தொடங்கியிருந்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருவார். தேவைப்பட்டால் மெல்லிய சிலிகான் குழாயை உள்ளே வைப்பார். கீமோ முடிந்து சில வாரங்களில் அதை எடுத்துவிடலாம். பாதை முழுக்க அடைபட்டுவிட்டால் கீமோவை நிறுத்தினாலும் திறக்காது; பெரிய அறுவை சிகிச்சைதான் வழி. ஆரம்பத்திலேயே வரச் சொல்வது இதற்காகத்தான்.

அடைப்புதான் என்று நானும் இங்கிருந்தபடி முடிவுகட்ட முடியாது. கண் உலர்ந்து உறுத்தினாலும் நீர் கொட்டும். அதற்கு, மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து போதும். இமைமுடி உதிர்ந்து தூசி விழுவதாலும் வரலாம். கேபசிடபின், 5 எஃப்யூ போன்ற வேறு கீமோ மருந்துகளும் கண்ணீரை வரவழைக்கும்.

புற்றுநோய் மருத்துவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து ஏற்றும் இடைவெளியை மாற்றலாமா என்று அவர்தான் பார்க்க வேண்டும். கண்ணீருக்குப் பயந்து நீங்களாக ஒரு கீமோவைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை நிறுத்திவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், கண்காணிப்பின்றிப் போடும்போது கண் அழுத்தம் கூடலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். கீமோவால் ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் கிருமி சுலபமாகத் தொற்றும். சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றியெடுக்கச் சொல்லுங்கள். முந்தானையால் தேய்த்துத் துடைத்தால் இமையோரத் தோல் புண்ணாகும்.

கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, சீழ் வந்தாலோ, மூக்கோரம் வீங்கினாலோ அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் கீமோ ஏற்றும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.