அடித்தவன் பெஞ்சில் இருக்கிறான்

அன்புள்ள சார்,

2025 ஜூன் 19 அன்று பேஸ்பால் பார்க்க லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் இருந்தேன். கூடவே என் பத்து வயது மகள். சான் டியேகோ பாட்ரேஸுடன் நடந்த தொடரின் கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாக் லிட்டில் வீசிய பந்து பாட்ரேஸின் ஃபெர்னாண்டோ டாட்டிஸின் கையில் பட்டது. அணிகளை நடத்துகிற இரண்டு மேனேஜர்களும் உள்ளே வந்து முட்டிக்கொள்ள, இருவரையும் அம்பயர் வெளியே அனுப்பினார். பிறகு நாங்கள் பேட் செய்தபோது பாட்ரேஸ் பிட்சர் ராபர்ட் சுவாரெஸ் கிட்டத்தட்ட 100 மைல் வேகத்தில் எங்கள் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி மேல் பந்தை இறக்கினார். "ஓட்டானி என்னப்பா பண்ணினார்?" என்று மகள் கேட்டாள்.

எனக்கு இதில் ஒரு பழைய காலத்து நியாயம் தெரிகிறது. எங்கள் ஆளை அடித்தால் உங்கள் ஆளை அடிப்போம். தலையில் போடுவதில்லை, முதுகில்தான் போடுகிறார்கள். அடிபட்டவர் விதிப்படி இலவசமாக முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடுகிற பாதையின் முதல் நிலைக்கு) நடந்து போகிறார், கணக்கு முடிந்தது. கிரிக்கெட் பவுன்சரைவிட இது நேர்மையானது இல்லையா? மகள் சாஃப்ட்பால் சேர ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா?

மு.,
இர்வைன், கலிஃபோர்னியா

அன்புள்ள மு.,

கிரிக்கெட் ஒப்பீடு வேண்டாம். பவுன்சர் ஆட்டத்துக்குள் வருகிற பந்து, விக்கெட் கேட்டு வருவது. நீங்கள் பார்த்தது ஆட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு வீசிய பந்து. அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

"தலையில் போடுவதில்லை" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதுகு வேறு, தலை வேறு. 60 அடி 6 அங்குலம் தள்ளி நின்று 95 மைல் வேகத்தில் விடுகிறவனுக்கு விரல் துளி வழுக்கினால் போதும், விலாவுக்குப் போக வேண்டியது காதுக்குப் போய்விடும். அடி வருகிறது என்று தெரிந்து பேட்டர் குனிந்தால் முதுகு இருந்த இடத்துக்குத் தலை வந்து சேரும். 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் யாங்கீஸின் கார்ல் மேஸ் வீசிய பந்து கிளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் பட்டது. சத்தத்தைக் கேட்டு மட்டையில் பட்டதென்று நினைத்த மேஸ், உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். மறுநாள் விடிவதற்குள் சாப்மன் போய்விட்டார். வயது 29, மனைவி கர்ப்பிணி. அது பழிவாங்கிய பந்து அல்ல. 1967-இல் ஜாக் ஹாமில்டன் வீசியதும் அல்ல. ஆனால் அது பாஸ்டனின் செல்லப்பிள்ளை டோனி கொனிக்லியாரோவின் இடது கண்ணைக் கெடுத்தது. அப்போது அவருக்கு 22 வயது. குறி வைக்காத பந்துகள் செய்த வேலை இது. குறி வைத்த பந்தில் உங்களுக்கு நியாயம் தெரிகிறதாக்கும்!

உங்கள் முழுக் கடிதத்தையும்விட உங்கள் மகள் கேட்ட ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. எழுத மாட்டீர்கள், ஏனென்றால் பதில் கிடையாது. ஓட்டானி ஒன்றும் செய்யவில்லை. டாட்டிஸை அடித்த ஜாக் லிட்டிலுக்கு அதுதான் மேஜர் லீகில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டத்தில், முதல் ஆட்டம். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்காக ஒன்பதாவது இன்னிங்ஸில், வாழ்க்கையின் முதல் மேட்சில், ஒரு புதுப்பையன் திட்டம் போட்டு அடித்தான் என்று பாட்ரேஸ்காரர்களே நம்பியிருக்க மாட்டார்கள். அப்படியே நம்பினாலும் அவனை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைய விதிப்படி பிட்சரான அவன் பேட் பிடிக்க வரவே மாட்டான்.

பழைய காலத்து நியாயம் என்கிறீர்களே, அந்தப் பழைய காலத்தில் பிட்சரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டியிருந்தது. அடித்தவனுக்கு அவன் முறை வரும். 1984 ஆகஸ்டில் அட்லாண்டாவின் பாஸ்குவல் பெரெஸ் ஆட்டத்தின் முதல் பந்திலேயே பாட்ரேஸின் அலன் விகின்ஸை அடித்தார். பெரெஸ் பேட் செய்ய வந்த ஒவ்வொரு தடவையும் பாட்ரேஸ் பிட்சர்கள் அவரைக் குறி வைத்தார்கள். அவர் தாவினார், விலகினார், தப்பினார். கடைசியில் எட்டாவது இன்னிங்ஸில் கிரெய்க் லெஃபர்ட்ஸ் வீசிய பந்து அவர் மேல் பட்டது. நடுவில் இரண்டு அணிகளும் கட்டிப் புரண்டு, பார்வையாளர்கள் சிலரும் உள்ளே குதித்து, பெரிய அசிங்கம். அந்த அசிங்கத்திலும் பாட்ரேஸ் ஆளை மாற்றவில்லை. செய்தவனைத்தான் துரத்தினார்கள்.

மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1973-லேயே பிட்சருக்குப் பதிலாக அடிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்துவிட்டது. 2022-இலிருந்து மற்றப் பிரிவான நேஷனல் லீகிலும் அதுதான். ஆகவே இன்றைக்குப் பந்தால் அடிக்கிறவன் அடுத்த அரை இன்னிங்ஸில் டக்-அவுட் பெஞ்சில் சாய்ந்துகொண்டு சூரியகாந்தி விதை கொறிக்கிறான். அடி வாங்கப் போவது அவனுடைய கூட்டாளி. அதுவும் எதிர் அணிக்கு யார் முக்கியமோ, எவனை அடித்தால் அதிகம் வலிக்குமோ, அவன். "எங்கள் ஆளைக் காப்பாற்றுகிறோம்" என்கிறார்களே, காப்பாற்றுகிற பந்து கையை விட்டுப் போன நொடியில் தன் அணியின் அடுத்த ஆளைக் கொண்டுபோய்க் குறிக்கு முன்னால் நிறுத்தியாயிற்று. இந்த எளிய கணக்கு ஏன் யாருக்கும் உறைப்பதில்லை?

அதே தொடரில்தான் ஓட்டானி டாட்ஜர்ஸுக்காக முதல் முறையாகப் பந்து வீசினார், ஜூன் 16 அன்று. எறிந்த கையோடு மட்டையும் பிடிக்க வருகிற ஒரே ஆள் அவர். அவர் யாரையாவது அடித்தால், பழைய விதிப்படி அவர் மேலேயே பழி தீர்க்க முடிகிற ஒரே மனிதர். அவர் யாரையும் அடிக்கவில்லை. அடிபட்டதும், எகிறிக் குதிக்கத் தயாராக இருந்த தன் டக்-அவுட்டைப் பார்த்து "வராதீங்க, வராதீங்க" என்கிற மாதிரி கையை ஆட்டிவிட்டு முதல் பேஸுக்குப் போனார். பார்த்திருப்பீர்களே. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை உங்கள் கடிதத்தில்!

நான் கோவில்பட்டிக்காரன், ஹாக்கி ஊர். பள்ளிக்கூட நாட்களில் ஒரு டோர்னமென்ட். எங்கள் சென்டர் ஹாஃப் எதிர் டீம் பையன் ஒருவனின் முழங்காலில் மட்டையால் போட்டுவிட்டான். மாஸ்டர் உடனே அவனை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், பந்து எங்கேயோ இருக்கும்போது, என் கணுக்காலில் சுளீரென்று ஓர் அடி. ஆட்டம் முடிந்து குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அடித்தவனே பக்கத்தில் வந்து முகம் கழுவினான். கழுவிக்கொண்டே சொன்னான்: "ஒம்மேல கோவம் ஒண்ணும் இல்லடே. நீதான் பக்கத்துல நின்ன." கோபத்தில் அடித்திருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வசவு வைதிருப்பேன், பிறகு சேர்ந்து டீ குடித்திருப்போம். என் மேல் கோபமே இல்லாதவனிடம் எதைக் கேட்பது, எதை மன்னிப்பது?

2017-இல் ஜயன்ட்ஸின் ஹன்டர் ஸ்ட்ரிக்லண்ட் பிரைஸ் ஹார்ப்பரை இடுப்பில் அடித்தார். 2014 பிளே-ஆஃபில் ஹார்ப்பர் தன் பந்தில் வேலி தாண்டி அடித்த இரண்டு ஹோம்ரன்களை அத்தனை காலம் மனதில் வைத்திருந்தார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஹார்ப்பர் மட்டையை வீசிவிட்டுப் பாய்ந்தார். ஜயன்ட்ஸின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவர்) பஸ்டர் போஸி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, "இது என் சண்டை இல்லை" என்பதுபோல. ஓடி வந்த கூட்டத்தில் ஜயன்ட்ஸ்காரர்கள் இருவர், மைக்கேல் மோர்ஸும் ஜெஃப் சமார்ட்ஜாவும், ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். மோர்ஸுக்குத் தலையில் அடி. அதன் பிறகு அவர் மேஜர் லீகில் ஆடவேயில்லை. அவர் ஹார்ப்பரோடு முன்பு ஒரே அணியில் ஆடியவர். ஸ்ட்ரிக்லண்டுக்கு 6 ஆட்டத் தடை. சுவாரெஸுக்கு லீக் போட்டது 3 ஆட்டம். இந்தத் தடைகளைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஜுவான் மாரிசலையும் ஜான் ரோஸ்பரோவையும் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 1965 ஆகஸ்ட் 22, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். ஜயன்ட்ஸின் பிட்சர் மாரிசல் டாட்ஜர்ஸின் மாரி வில்ஸையும் ரான் ஃபேர்லியையும் பந்தால் மிரட்டித் தரையில் விழவைத்திருந்தார். டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் ஆளைப் பார்த்து எறிகிற ரகம் இல்லை. அதனால் கேட்சர் ரோஸ்பரோ தானே பார்த்துக்கொள்ள முடிவு செய்தார். மாரிசல் பேட் செய்ய வந்தபோது, கோஃபாக்ஸுக்குத் திருப்பி எறிந்த பந்தை மாரிசலின் காதை உரசுகிற மாதிரி விட்டார். வாய்ச்சண்டை. ரோஸ்பரோ எழுந்தார். மாரிசல் மட்டையை ஓங்கி அவர் தலையில் அடித்தார். 14 தையல். முகமெல்லாம் ரத்தம் வழிய நின்றவரை அணைத்துக் கூட்டிப்போனவர் எதிர் அணியின் வில்லி மேஸ்.

மாரிசலுக்கு 8 ஆட்டத் தடையும் 1,750 டாலர் அபராதமும். அந்த வருஷம் ஜயன்ட்ஸ் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டாட்ஜர்ஸிடம் லீகைக் கோட்டைவிட்டது. ரோஸ்பரோ வழக்குப் போட்டார். பத்து வருஷம் கழித்து, 1975-இல், மாரிசல் டாட்ஜர்ஸுக்கே ஆட வந்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். அவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டவர் ரோஸ்பரோ. பந்தை வேண்டுமென்றேதான் அவ்வளவு அருகில் விட்டேன் என்று பிறகு தன் சுயசரிதையில் எழுதினார். மாரிசலுக்கு பேஸ்பாலின் பெரும் கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம் தள்ளிப்போனபோதும், பழசை வைத்து அவரை ஒதுக்காதீர்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். 1983-இல் மாரிசல் தேர்வானார். 2002-இல் ரோஸ்பரோ இறந்தபோது, பாடை தாங்கும் மரியாதை பெற்றவர்களில் மாரிசலும் ஒருவர்.

இதை ஒரு நட்புக் கதையாக நினைத்து உருகிவிடாதீர்கள் மு. ஒருவன் தலையை மட்டையால் பிளந்தது பிளந்ததுதான். ஆனால் பந்தை விட்டவரும் ரோஸ்பரோ, அடி வாங்கியவரும் ரோஸ்பரோ. அடித்தது மாரிசல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசித் தீர்க்க அவர்களுக்கு இடம் இருந்தது. ஓட்டானியும் ஜாக் லிட்டிலும் டாட்டிஸும் சுவாரெஸும் யாரிடம் போய் எதைப் பேசித் தீர்ப்பார்கள்? உங்கள் "கணக்கு முடிந்தது" எங்கே முடிந்தது?

சாஃப்ட்பால் கேட்டிருந்தீர்கள். சேருங்கள். முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள், விலையைப் பார்க்காதீர்கள். எந்தக் கோச்சாவது "பதிலுக்கு ஒன்று போடு" என்று குழந்தைகளிடம் சொன்னால், முகதாட்சண்யம் பார்த்துக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வேறு டீம் தேடுங்கள்.