துத்தநாக விரல் புரதங்களில் மரபணுவை இயக்குவது துத்தநாகமா?

இல்லை. இவை விரல் போன்ற சிறு மடிப்புகளால் டிஎன்ஏவைப் பற்றும் புரதங்கள். இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் சேர்ந்து பிடிக்கும் துத்தநாக அயனி, சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட விரலின் மடிப்பைக் குலையாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே. டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிப்பது, அதன் இரட்டைச் சுருளின் அகன்ற பள்ளமான பெரும்பள்ளத்தில் பதியும், விரலின் ஆல்ஃபா சுருள் பகுதி. அந்த ஆல்ஃபா சுருளின் தொடக்கத்திலிருந்து எண்ணும் −1 (தொடக்கத்துக்குச் சற்று முன்), 3, 6 ஆம் இடங்களிலுள்ள அமினோ அமிலங்களே மூன்று காரங்களை (டிஎன்ஏவின் எழுத்துகளை) அடையாளம் காண்கின்றன. ஸிஃப்268 என்ற துத்தநாக விரல் புரதத்தின் மூன்று விரல்களும் சேர்ந்து 9 கார இணைகளைப் பற்றும்.

பற்றிய பின் மரபணு இயங்குமா, அடங்குமா என்பதைப் புரதத்தின் மற்றப் பகுதிதான் தீர்மானிக்கும். பலர் கோட்டைவிடும் இடம் இது. கிராப் (KRAB) என்ற அடக்கும் பகுதி இருந்தால் அது காப்1 (KAP1) என்ற துணைப் புரதத்தை வரவழைக்கும். டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டின் இறுகி மரபணு அடங்கிவிடும்.

ஆய்வகத்தில் டிஎன்ஏ பிணைப்பு தெரியவில்லையென்றால் முதலில் அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசலைப் பாருங்கள். உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ (EDTA) இருந்தால் துத்தநாகத்தைப் பறித்துக்கொள்ளும், விரல் அவிழ்ந்துவிடும். சிஸ்டீன்கள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தாலும் அதே கதிதான். அந்த ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி (DTT) என்ற வேதிப்பொருளைப் புதிதாகச் சேருங்கள்.